பதினொரு வெற்றுக் கட்டங்கள்

1

இந்தச் சித்திரையில் எனக்கு வாய் திறக்க அனுமதி வந்தது. இரண்டு வரி மின்னஞ்சல்தான். ஆய்வின் முடிவு வெளியாகிவிட்டது, இரகசியக் கட்டுப்பாடு இன்றோடு நீங்குகிறது, ஒத்துழைப்புக்கு நன்றி. கிளாஸ்கோவில் பஸ்ஸுக்காக நின்றபடி அதைப் படித்தேன். வந்த பஸ்ஸில் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. மூன்று வருஷமாக கணவரிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தை இனி யாரிடமும் சொல்லலாம் என்றதும், முதலில் யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை.

பிறகு தெரிந்தது. பிள்ளையின் பள்ளி விடுமுறை வரும்வரை காத்திருந்து, ஊருக்கு வந்து, அக்காவிடம் நேரில் சொன்னேன். அக்காவுக்குச் சொல்லியாயிற்று. அதனால்தான் இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் ஏழாம் நம்பர் லயத்தில் பிறந்தவள். பதுளையில் படித்து, கம்பசுக்குப் போய்ப் புள்ளிவிபரவியல் முடித்து, கல்யாணமாகி இந்தக் குளிருக்கு வந்து பத்தொன்பது வருஷம். மருந்து ஆய்வுகளின் தரவைப் பகுத்துப் பார்ப்பது என் தொழில். அதை ஊரில் விளக்குவது கஷ்டம். அம்மா உயிரோடு இருந்தவரை, யாராவது கேட்டால் "பெரிய ஆஸ்பத்திரியில கிளாக்கர்" என்றுதான் சொல்லுவார். நானும் திருத்தியதில்லை.

2

அந்தத் தொழிலைப் பற்றி ஒரு பத்தி சொல்லாமல் மேலே போக முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புது மருந்து நல்லதா என்று பார்க்க நோயாளர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு மருந்து. மற்றதற்கு மருந்துபோலவே தோன்றும் வெறும் சேலைன் தண்ணீர். வழமையான சிகிச்சை இரண்டு குழுவுக்கும் உண்டு. யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

ஆனால் கடைசி நோயாளி வரும்வரை எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொண்டே இருந்தால், அந்த மருந்து ஆட்களைக் கொல்கிறது என்பது எல்லாம் முடிந்த பிறகுதானே தெரியவரும்? அதனால் நடுவில், முன்கூட்டியே குறித்துவைத்த ஒன்றிரண்டு கட்டங்களில், யாராவது ஒருவர் கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடிக்கடி பார்க்கவும் கூடாது. சின்ன எண்ணிக்கையில் தற்செயலாகவே ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். ஒவ்வொரு முறை எட்டிப் பார்க்கும்போதும் நாம் ஏமாறுவதற்கு இன்னொரு வழி திறக்கிறது. ஆகவே ஆய்வு தொடங்கும் முன்பே ஒரு கோடு கீறிவைப்பார்கள். வித்தியாசம் அந்தக் கோட்டைத் தாண்டினால் ஆய்வை நிறுத்த வேண்டும். தாண்டாவிட்டால், பார்த்தவர் எதுவும் பேசாமல் மறுபடி திரையை மூடிவிட வேண்டும்.

அந்த ஆய்வில் எட்டிப் பார்க்கிற ஒரே ஆள் நான். நான் எழுதும் அறிக்கையைப் படிக்க, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஐந்து பேர் கொண்ட ஒரு கண்காணிப்புக் குழு. அவ்வளவுதான். உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

நோய் எலிக்காய்ச்சல். வயலிலும் வடிகால் கானிலும் சேற்றிலும் இறங்குகிறவர்களைப் பிடிக்கிற நோய். கடுமையாக வந்தால் கண் மஞ்சளாகி, மூத்திரம் நின்று, சிறுநீரகம் கெடும். ஆய்வு பல நாடுகளில் நடந்தது. ஒரு வருஷம் கழித்துப் புதிதாகச் சேர்ந்த இடங்களின் பட்டியலில் பதுளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றைக் கண்டபோது, என் கண்ணே என்னை ஏமாற்றுகிறதோ என்று நினைத்தேன். உடனே குழுத் தலைவருக்கு எழுதினேன், அது நான் பிறந்த இடம், எனக்கு அங்கே சொந்தபந்தம் உண்டு என்று. அவர் கென்யாவில் பிறந்த வயதான மருத்துவர், எதையும் நிதானமாகச் செய்கிறவர். "உறவினர் யாராவது ஆய்வுக்குள் வந்தால் அன்றைக்கே சொல்லு. அதுவரை வேலையைப் பார்" என்று பதில் போட்டார்.

தமிழ் தெரிந்தவள் என்பதால் சம்மதப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பை மட்டும் என்னிடம் காட்டினார்கள். முதல் வரியே "நீங்கள் ஒரு சோதனைக்கு உட்படுத்தப்படுவீர்கள்" என்றிருந்தது. எங்கள் வீட்டைப்போல வேதக்காரக் குடும்பம் என்றால், "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்று தினமும் ஜெபத்தில் எது வேண்டாம் என்று கேட்கிறோமோ அதற்கே கையெழுத்துப் போடச் சொல்கிற மாதிரி. அதை "ஆய்வு" என்று மாற்றுவதற்கு மூன்று அலுவலகங்களுக்கு எழுதி, நாலு மாதம் பிடித்தது. "எழுமாறாகத் தெரிவுசெய்யப்படுவீர்கள்" என்ற வரியும், அதாவது சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல என்பது, லயத்தில் யாருக்கும் புரியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்னொரு நாலு மாதம் இருக்கவில்லை. விட்டுவிட்டேன்.

3

முதல் இடைப் பகுப்பாய்வுக்கு நாள் வந்தது. பாதி நோயாளர்கள் இருபத்தெட்டாம் நாளைத் தாண்டியதும் தரவை ஒரு திகதியோடு வெட்டி எடுத்து எனக்கு அனுப்புவார்கள். இருபத்தெட்டாம் நாள்தான் எல்லாம். அன்றைக்கு அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா, சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று ஒரு கட்டத்தில் எழுத வேண்டும்.

நான் பகுத்துப் பார்த்தேன். புது மருந்துக் குழு மோசமாக இருந்தது. திரையில் வந்ததை நம்ப முடியாமல் முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன். அதே விடை. கோட்டுக்கு மிகக் கிட்ட, கெடுதலின் பக்கமாக.

அப்போதுதான் வெற்றுக் கட்டங்களைக் கவனித்தேன். பதினொன்று. எல்லாம் பதுளை.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. சாவு சீக்கிரம் பதிவாகும். வார்டிலேயே நடக்கும், வார்டிலேயே எழுதிவிடுவார்கள். பிழைத்தவர் வீட்டுக்குப் போய்விடுவார். அவரைத் தேடிப் பிடித்தால்தான் பிழைத்தார் என்று எழுதலாம். அதனால் தரவை நடுவில் வெட்டும்போது செத்தவர்கள் எல்லாரும் உள்ளே இருப்பார்கள், உயிரோடிருப்பவர்களில் கொஞ்சப் பேர் வெளியே நிற்பார்கள். அந்தப் பதினொருவரில் எட்டுப் பேர், தற்செயலாக, புது மருந்துக் குழு. எல்லாரும் உயிரோடிருந்தால் வித்தியாசம் கோட்டிலிருந்து நன்றாகவே விலகிவிடும். அவர்களில் பாதிப் பேர் இறந்திருந்தால் கோடு தாண்டிவிடும், ஆய்வை அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

பதினொரு பேரும் எங்கே? என்னோடு வேலை செய்யும் ஃபியோனா அந்தப் பதிவுகளைப் பார்த்துவிட்டு, "இதில் தெருப் பெயரே இல்லையே" என்றாள். பெயர்களை மறைத்துத்தான் எங்களுக்குத் தருவார்கள், ஆனால் அங்கே முகவரியை எப்படி எழுதுகிறார்கள் என்று காட்டப் பெயரில்லாத ஒரு மாதிரிப் படிவம் இருந்தது.

"தெரு கிடையாது. லயம். வரிசையாக ஒட்டிக்கட்டிய வீடுகள். அதில் எத்தனையாவது அறை என்று எழுதுவார்கள். நாங்கள் காம்பரா என்போம்."

"அப்படியென்றால் கடிதம் எப்படிப் போய்ச் சேரும்?"

"தோட்டத்து ஆபீசுக்கு வரும். ஆள் போய் வாங்கிக்கொள்ளும்."

அவள் தலையாட்டினாள். அந்த வாரச் செய்தியில், பதுளை இருக்கும் ஊவாவில் மழை, பல இடங்களில் மண்சரிவு எச்சரிக்கை என்று பார்த்திருந்தேன். மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களோடு ஆட்கள் புதைந்த பிறகு நம்ம ஆட்கள் எச்சரிக்கை வந்தால் காத்திருப்பதில்லை. லயத்தைவிட்டு இறங்கிவிடுவார்கள். அப்படியென்றால் அந்த முகவரிகளில் இப்போது யாருமே இல்லை. அதைவிட மோசமாக ஒன்றும் நடந்திருக்கலாம்.

பதுளைக்கு நேராகப் போன் போட்டு "அந்தப் பதினொரு பேரை எப்படியாவது தேடுங்கள், உயிர் போகிற விஷயம்" என்று சொல்லத் துடித்தேன். சொல்லக்கூடாது. நான் அவசரப்பட்டால், ஏதோ கெட்டது தெரிந்திருக்கிறது என்று அங்கே ஊகித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வார்டில் ஒரு நோயாளியையும் அவர்களால் சமமாகப் பார்க்க முடியாது. தரவு நிலையத்தினூடாக எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி ஒரு நினைவூட்டல் போனது. "இருபத்தெட்டாம் நாள் படிவங்களைப் பூர்த்திசெய்து பத்து நாட்களுக்குள் அனுப்பவும்." நன்றி, வணக்கம். அவ்வளவுதான்.

பத்து நாள். அதற்குள் ஆய்வு நின்றுவிடாது. காய்ச்சல் வந்தவன் வந்துகொண்டேதான் இருப்பான், புதுப் புது ஆட்கள் இரண்டு குழுவிலும் சேர்ந்துகொண்டேதான் இருப்பார்கள்.

4

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு அக்கா என்னைப் போனில் கூப்பிட்டாள். ஸ்டெல்லா அக்கா, எனக்கு ஆறு வயது மூத்தவள். அங்கே பகல், ஆஸ்பத்திரியில் ஆட்களைப் பார்க்க விடும் நேரம். பின்னால் ஒரே இரைச்சல்.

"ஜெசி, ஒங்க மச்சானுக்குக் காய்ச்சல்ன்னு சொன்னேன்ல. ரெண்டு நாளா கெண்டக்காலு வலின்னு நடக்க முடியாம கெடந்தாரு. இன்னைக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாயிருச்சி. ஆஸ்பத்திரில போட்டுட்டாங்க. எலிக்காய்ச்சலாம்."

மச்சான் அருளப்பன் தேயிலை மலையில் தண்ணீர் வடிகிற கான் வெட்டுகிறவர். அந்த மழையில் எந்தக் கானில் இறங்கினாரோ.

"டொக்டர் என்னா சொல்றாரு?"

"மருந்து ஏத்துறாங்க. இப்ப ஒரு நர்ஸ் மிஸ் வந்து பேப்பர் ஒண்ணு தாறாங்க. ஏதோ ஆய்வாம். புது மருந்தாம். போடுறதா வேணாமான்னு கேக்குறாங்க." குரலைத் தாழ்த்தினாள். "நீ இந்த மாதிரி வேலதான செய்யிற? ஒனக்கு வெளங்கும்ல. போடவா?"

கையில் தேத்தண்ணிக் கோப்பை. அதைக் கீழே வைக்கவும் முடியவில்லை.

எனக்குத் தெரியும். உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். திரையில் பார்த்த அந்த வித்தியாசம் கண்முன்னே நின்றது. "வேணாம்" என்று ஒரு சொல். அக்கா ஏன் என்றுகூடக் கேட்க மாட்டாள். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வார்டில் அடுத்த கட்டிலில் கிடக்கிறவருக்குக் கிளாஸ்கோவில் தங்கச்சி இல்லை. அதோடு நான் பார்த்தது உண்மைதானா, பதினொரு ஓட்டையின் வழியே தெரிந்த பாதி உண்மையா என்று எனக்கே தெரியாது.

இப்படி நியாயம் எல்லாம் இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு இவ்வளவு தெளிவு இல்லை.

"அக்கா, நான் சொல்லக்கூடாது."

"என்னாது?"

"நான் சொல்லக்கூடாதுக்கா. அந்த மிஸ்கிட்டயும் டொக்டர்கிட்டயும் என்னா வேணும்னாலும் கேளு. மச்சானுக்கும் ஒனக்கும் மனசுக்குச் சரின்னா மட்டும் போடு. வேணாம்னா போடாத. போடாட்டியும் வழக்கமான வைத்தியம் கொறையாது."

அக்கா, "சரிடி" என்றாள். அந்தச் சரியில் என் மேல் அவளுக்கு வந்த தூரம் எனக்குத் தெரிந்தது. வைத்துவிட்டாள்.

5

திரும்பினால் ரேச்சல் நிற்கிறாள். என் மகள், அப்போது பதின்மூன்று வயது. பள்ளிச் சீருடையோடு, ஒரு கையில் சப்பாத்து. அவளுக்குத் தமிழ் பேச வராது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டால் விளங்கும் என்பதை மறந்துவிட்டேன்.

"பெரியப்பா சாகப்போறாரா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"இல்லம்மா. ஆஸ்பத்திரியில நல்லாப் பாக்குறாங்க."

"பெரியம்மா உங்ககிட்ட கேட்டாங்க. நீங்க ஏன் ஹெல்ப் பண்ணல? அதுதானே உங்க வேலை?"

அவளுக்கும் சொல்ல முடியாது. "சில விஷயம் அம்மாவுக்குத் தெரிஞ்சாலும் சொல்ல முடியாது" என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சப்பாத்தைக் காலில் போடாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பத்து நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். ஆனால் அந்தப் பத்து நாளும் பள்ளிவிட்டு வந்ததும் தன் போனில் பெரியம்மாவைக் கூப்பிட்டாள். தப்புத் தப்பான தமிழில் "பெரியப்பா மூத்திரம் போனாரா?" என்று அவள் சத்தமாகக் கேட்பது கதவு வழியே கேட்கும். எனக்கு வந்த செய்தியெல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான்.

மச்சான் ஆய்வில் சேர்ந்துவிட்டார் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. அன்றைக்கே குழுத் தலைவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"அவரிடம் ஏதாவது சொன்னாயா?"

"இல்லை."

"கேட்டார்களா?"

"அக்கா கேட்டாள்."

மச்சான் சேர்ந்த திகதியைக் கேட்டுக்கொண்டார் தலைவர். தரவு வெட்டப்பட்ட பிறகு சேர்ந்தவர் என்பதால் மச்சான் இந்தப் பகுப்பாய்வில் வரமாட்டார், ஆகவே இதை நீயே முடி, வேறொருவர் முழுவதையும் மறுபடி சரிபார்ப்பார், அடுத்த கட்டத்துக்கு நீ வேண்டாம் என்று சொன்னார். பிறகு, "உன் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது" என்றார்.

எந்த நோயாளிக்கு எது என்ற பட்டியல் என் கணினியில் இருந்தது. மச்சானின் வரியும் அதில் எங்கோ புதிதாகச் சேர்ந்திருக்கும். அந்தக் கோப்பைத் திறந்து திகதியைத் தேடினால் ஒரு நிமிஷ வேலை. நான் ஃபியோனாவைக் கூப்பிட்டு அதற்கு வேறு கடவுச்சொல் போடச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்காமலே போட்டாள்.

6

பதினொரு பேரைத் தேடிய கதை எனக்கு இந்த வருஷம்தான் தெரியும். தேடியவரே சொன்னார். தவமணி, ஆய்வுக்கென்று நியமித்த தாதி, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளை. நாற்பது வயதிருக்கும். அதுவரை எனக்கு அவர் படிவத்தின் அடியில் இரண்டு எழுத்துதான்.

நினைவூட்டல் வந்தபோது அவருக்கு அது எத்தனையோ கடதாசிகளில் ஒன்று. ஆய்வின் தலைவிதியே அதில் தொங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. போன்கள் வேலை செய்யவில்லை. "லயத்துல யாருமே இல்லன்னு சொன்னாங்க மேடம். ஆளுக எல்லாம் ஸ்கூல்ல இருக்காங்கன்னாங்க. சரி, ஸ்கூலுக்குப் போவோம்ன்னு கெளம்பிட்டேன்."

ஹாலிஎல வரை பஸ். அங்கிருந்து த்ரீவீலர், மண் விழுந்த இடம் வரை. பிறகு மழையில் நடை. நனையாமலிருக்கப் படிவங்களைச் சட்டைக்குள்ளே பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான ஆட்கள், வகுப்பறைக்கு நாலு குடும்பம். பெயரைச் சத்தமாகக் கூப்பிட முடியாது. நோயாளியின் நோய் ஊருக்குத் தெரியக்கூடாதல்லவா. அங்கே தங்கியிருந்தவர்களில் பலர் அந்த மழையிலும் தோட்டத்தின் மற்ற டிவிஷன்களுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் மறுநாள் விடிந்ததும் அவர்கள் வேலைக்கு முன் கூடுகிற பெரட்டுக்களத்துக்குப் போய், கணக்குப்பிள்ளையிடம் அனுமதி கேட்டு, ஒரே ஒரு வரி சொல்லியிருக்கிறார். "ஆஸ்பத்திரி நீல அட்டை வச்சிருக்கவங்க இருந்தா, பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னையப் பாருங்க."

ஆய்வில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நீல அட்டை கொடுப்பார்கள், அடுத்து வரவேண்டிய நாள் எழுதி. சின்ன அட்டை. சட்டைப்பையில் போட்டால் தொலைந்துவிடும்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஆறு பேர் வந்தார்கள். எல்லார் கையிலும் அட்டை. மண் வரும் என்று சொல்லி, பிள்ளைகளையும் ஒரு பையையும் மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள். தவமணிக்கே நம்ப முடியவில்லை.

"வீட்ட விட்டு ஓடி வாறப்ப இத எதுக்குங்க எடுத்தீங்க?"

ஒரு கொழுந்தெடுக்கிற பெண் சொன்னாராம், "இருபத்தெட்டாம் நாளு காட்டணும்ன்னு சொன்னீங்களே மிஸ்."

நாலு பேர் வேறு இடங்களில் இருந்தார்கள். இருவர் சொந்தக்காரர் வீட்டில். ஒருவர் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போயிருந்தார். அங்குள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தம் எடுத்து அனுப்பவைத்தார் தவமணி. இன்னொருவர் தவமணி நடந்து போன பாதையிலேயே எதிரே வந்தார், ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாராம், பஸ் இல்லாததால் நடந்தே.

பதினோராவது அட்டை ஒரு பெண் கொண்டுவந்தார். அட்டை அவருடையதல்ல.

"அவரு வர முடியாது மிஸ். இருபத்தெட்டாம் நாளுக்கு ரெண்டு நாளு முந்தியே தவறிட்டாரு. அட்டைய ஒங்ககிட்ட குடுக்கணும்ன்னு கொண்டாந்தேன்."

பிறகு நடந்ததையும் தவமணி சொன்னார். "நான் ஒண்ணும் கேக்கல மேடம். அவங்களாவே ஒக்காந்து, என்னிக்கிலருந்து மூச்சு வாங்குச்சு, என்னிக்கு மூத்திரம் நின்னுச்சு, எல்லாம் நாள் நாளா சொன்னாங்க. எழுதிக்கிட்டேன்."

எனக்கு இந்தப் பக்கம், கிளாஸ்கோவில், ஒன்பதாம் நாள் கட்டங்கள் நிரம்பின. பத்து 'உயிருடன்'. ஒரு 'இறப்பு'. அதன் கீழே குறிப்புக்கென்று விட்ட இடத்தில், ஆங்கிலத்தில், மூன்றே சொல். மனைவி அட்டையைக் கொண்டுவந்தார்.

அலுவலகத்தில் எல்லாரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. மாதா கோயிலில் நற்செய்தி வாசகம் படிக்கும்போது எழுவது மாதிரி எழுந்து, சும்மா நின்றேன். இருபது வருஷமாக நான் எண்களோடு இருக்கிறேன். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் ஆள் உண்டு என்று மாணவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கு விளங்கியது. புருஷனைப் புதைத்த சில நாளில் ஒரு பெண் மழையில் நடந்து வந்து, தன் துக்கத்தை நாள் நாளாகப் பிரித்துச் சொல்லி, எங்கள் கணக்கை நேராக்கிவிட்டுப் போயிருக்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை. அது எதற்கு என்றும் அவருக்குத் தெரியாது. தவமணிக்குத் தெரியாது, டொக்டருக்குத் தெரியாது. தெரியாமலே அத்தனை பேரும் சரியாகச் செய்திருந்தார்கள்.

மறுபடி ஓட்டினேன். கோடு தாண்டவில்லை. கிட்டவும் இல்லை. கண்காணிப்புக் குழு கூடி அறிக்கையைப் படித்தது. பதுளைக்கும் மற்ற இடங்களுக்கும் போன கடிதத்தில் ஒரு சொல்தான். தொடரவும்.

7

மச்சானின் சிறுநீரகம் ஒன்பது நாள் வேலை செய்யவில்லை. மூன்று முறை மெஷினில் போட்டு இரத்தம் சுத்திகரித்தார்கள். ஆஸ்பத்திரியில் போட்ட பத்தாம் நாள் மாலை, இங்கே ரேச்சல் தன் அறையிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா! பெரியப்பா போய்ட்டார்!" எனக்கு உயிரே நின்றுவிட்டது. மூத்திரம் போய்விட்டார் என்று சொல்ல வந்தாளாம். இப்போது சிரிக்கிறோம். அன்றைக்கு அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், அதன் பிறகு பேசத் தொடங்கினோம்.

ஆய்வு முடிய இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேலாயிற்று. அடுத்த கட்டத்தை வேறொருவர் பார்த்தார். முடிவு எனக்கும் எல்லாருக்கும் தெரிந்த அதே நாளில்தான் தெரிந்தது. முதலில் கெடுதல்போலத் தோன்றிய அந்த மருந்து, ஆட்கள் கூடக் கூட, மெதுவாக மறுபக்கம் சாய்ந்து, கடைசியில் நன்மை செய்கிறது என்று நின்றது. பெரிய அற்புதம் ஒன்றுமில்லை. சிறுநீரகம் கெடுவதைக் கொஞ்சம் குறைக்கிறது. ஆனால் உண்மை. அன்றைக்கு அவசரப்பட்டு நிறுத்தியிருந்தால் அதை யாரும் அறிந்திருக்கப் போவதில்லை.

ஆடி மாதம் ஊருக்கு வந்தோம். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது, தேயிலையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து. அக்கா வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்த அன்று எனக்கு என்ன தெரியும் என்பதையும் சொன்னேன். அக்கா ரொட்டி சுடுவதை நிறுத்தவில்லை. ரேச்சல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அப்போதுதான் முதல்முறை கேட்கிறாள்.

"அப்ப, அது கெட்ட மருந்துன்னு நெனச்சிக்கிட்டே என்னையப் போடச் சொன்ன?"

"போடச் சொல்லலக்கா. ஒண்ணும் சொல்லல."

"அதுதான்." ஒரு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "அன்னைக்கு ஒம் மேல எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா? வச்சிட்டு அந்த மிஸ்கிட்ட போயி கேட்டேன், ஒங்க வீட்டு ஆளா இருந்தா போடுவீங்களான்னு. அவங்க சொன்னாங்க, எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதுங்க அக்கா, தெரிஞ்சிருந்தா இந்தப் பேப்பரையே கொண்டாந்திருக்க மாட்டேன்னு. இம்புட்டு நாளு ஆஸ்பத்திரிக்குப் போறோம், தெரியாதுன்னு நேரா சொன்ன மொத ஆளு அவங்கதான். அதுக்காகத்தான் இவருகிட்ட கேட்டேன். இவரும் போடுன்னுட்டாரு."

ஆய்வு முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் தங்களுக்கு எது கிடைத்தது என்று கடிதம் வந்திருந்தது. மச்சான் உள்ளே போய் எடுத்துவந்தார். உறை பிரிக்கப்பட்டிருந்தது, ஆனால் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்ததால் சரியாக விளங்கவில்லை என்றார். வாசித்தேன். வெறும் சேலைன்.

"தண்ணியா?" என்றார் மச்சான். "தண்ணிக்கே எழும்பிட்டேனே நானு." அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ரேச்சல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆகவே நான் பேசியிருந்தாலும் பேசாமலிருந்தாலும் மச்சானுக்கு நடந்திருக்கப்போவது ஒன்றுதான். மூன்று வருஷம் நான் சுமந்த பாரத்துக்கு அவர் உடம்பில் ஓர் அடையாளமும் இல்லை. கடிதத்தை மடித்து மறுபடி உறைக்குள் வைத்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த மருந்து இப்ப நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்திருச்சா?"

"வரப்போகுது. இந்த மழைக்கு முந்தி வந்துரும்ன்னாங்க தவமணி மிஸ்."

"இனி காய்ச்சலோட வாறவங்களுக்கு நேராவே குடுத்துருவாங்களா? பேப்பர், கையெழுத்து ஒண்ணும் இல்லாம?"

"குடுத்துருவாங்க. எல்லாருக்கும்."

"அப்ப சரி" என்றாள் அக்கா. இந்தத் தடவை அந்தச் சரியில் தூரம் இல்லை. முதல் ரொட்டியை எனக்குத் தராமல் ரேச்சலின் தட்டில் வைத்து, "சுடச்சுட சாப்புடு" என்று அவள் தலையைத் தடவினாள்.